ஆறு வயதுப் பல்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் பெரிய சாலையில் ஹெப்பகோடி இருக்கிறது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டி. மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. முன்பு இது சிறிய கிராமம். இப்போது நகரசபை. 2025 ஆகஸ்டு மாதம் மெட்ரோ ரயிலும் இந்த வழியாக ஓடத் தொடங்கியது.

இங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்படி வந்த ஒரு குடும்பம். எட்டு அறைகள் உள்ள லைன் வீட்டில் ஓர் அறையில் இருந்தது. எட்டு அறைக்கும் சேர்த்து ஒரே குழாய். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றும் வேலை. அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. மகளுக்கு ஏழு வயது. மகனுக்கு ஐந்து முடிந்து சில மாதம். கூடவே பாட்டி. பாலக்கோட்டுப் பக்கத்து ஊர்க்காரர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்.

ஒரு நாள் இரவு. மணி இரண்டு இருக்கும். மகள் எழுந்து உட்கார்ந்து அழுதாள்.

“அம்மா, பல்லு வலிக்குதும்மா.”

அம்மா விளக்கைப் போட்டாள். பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அப்பா டப்பாவைத் துழாவிக் கிராம்பு எடுத்து வந்தார். பாட்டி எழுந்து வந்து வாயைத் திறந்து பார்த்தார்.

“பால் பல்லு தானே! விழுந்து மொளைக்கப்போற பல்லுக்கு ஏன் இந்தப் பாடு? வெந்நீர் வெச்சிக் கொப்புளிக்கச் சொல்லு. காலையில சரியாப் போயிடும்.”

காலையில் வலி குறைந்துதான் இருந்தது. ஆனால் அம்மா தூங்கவில்லை. அன்று தையல் மிஷினில் உட்கார்ந்தபோது கண் சொருகியது. எண்ணிக்கை குறைந்தது. சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் வலி. இந்த முறை பிள்ளை சோறு மெல்லவே மறுத்தது. ஒரு பக்கமாகவே மென்றது. அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளம் போனது.

மூன்றாவது அறையில் அங்கன்வாடி டீச்சர் இருந்தார். கன்னடக்காரர். அவர் பிள்ளையின் வாயைப் பார்த்தார். “டாக்டர் ஹத்ர தோர்ஸி அக்கா” என்றார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று பொருள். எங்கே போவது என்றும் அவரே சொன்னார்.

பெங்களூர் கோட்டைப் பகுதியில், விக்டோரியா மருத்துவமனைக்குப் பக்கத்தில், அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்க்கெட் பேருந்தில் போய் இறங்கினால் நடக்கிற தூரம்தான். மெட்ரோவில் போனால் ஆர்.வி. ரோட்டில் வண்டி மாற வேண்டும். கையில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறவர்கள் முதலில் தங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்கலாம். அந்த அட்டை தொழிலாளிக்கு மட்டும் உரியது அல்ல. அவர் குடும்பத்துக்கும் உரியது. பல பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அம்மா மகளை அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஒரு பெண். நன்றாகத் தமிழ் பேசினார். பிள்ளையை நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார். விளக்கைத் திருப்பினார். பிறகு அம்மாவைக் கிட்டே கூப்பிட்டார்.

“நீங்களே பாருங்கம்மா. கீழ் வரிசையில நடுவுல இருந்து எண்ணுங்க.”

அம்மா எண்ணினாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.”

“கறுப்பாக் குழி விழுந்திருக்கிறது எத்தனாவது பல்லு?”

“ஆறாவது.”

“அஞ்சு வரைக்கும்தான் பால் பல்லோட இடம். ஆறாவது பால் பல்லு இல்ல. நிலையான பல்லு. இது விழுந்தா மறுபடி மொளைக்காது.”

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை.

“இந்தப் பக்கம் எந்தப் பல்லும் விழவே இல்லையே டாக்டர்? விழாம எப்படி மொளைக்கும்?”

நல்ல கேள்வி. எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

குழந்தைக்கு ஆறு மாதத்தில் பல் முளைக்கத் தொடங்குகிறது. மூன்று வயதுக்குள் எல்லாப் பால் பற்களும் வந்துவிடும். மேலே பத்து, கீழே பத்து. மொத்தம் 20. ஒரு பக்கத்துக்கு ஐந்து ஐந்தாக எண்ணிப் பார்க்கலாம். ஆறு, ஏழு வயதில் முன்பல் ஆடுகிறது. விழுகிறது. அந்த இடத்தில் புதுப்பல் வருகிறது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவது நம் பக்கத்து வழக்கம். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். பிள்ளையும் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரியும்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடக்கிறது. அது யாருக்கும் தெரிவதில்லை. வாயின் கடைசியில், ஐந்தாவது பால் பல்லுக்கும் பின்னால், வெறும் ஈறாக இருந்த இடத்தில், ஒரு பெரிய பல் வருகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஆக நான்கு. இதற்காக எந்தப் பல்லும் விழுவது இல்லை. அதனால் புதுப்பல் வந்ததே தெரியாது. ஆறு வயதை ஒட்டி வருகிறது. நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். ஆறு வயதில் ஆறாவது பல். நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

வாயிலேயே பெரிய வேலை செய்கிற பல் இதுதான். களியோ சோறோ கறியோ, அரைப்பது இந்தப் பல்தான். மற்றப் பற்கள் வரிசையாக அமைவதற்கும் இது ஒரு மூலைக்கல் போல நிற்கிறது. 60 வயதிலும் 70 வயதிலும் மெல்ல உதவ வேண்டிய பல். அது ஏழு வயதிலேயே சொத்தையாகிவிடுகிறது.

ஏன் இந்தப் பல் சீக்கிரம் கெடுகிறது? புதிதாக முளைக்கும்போது மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருக்கிறது. சரிசமமாக வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய் வந்துவிடும். பல்லைத் தொடாது. அதன் மேல்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உண்டு. உணவு அதில் போய் அடைந்துகொள்ளும். புதுப்பல்லின் எனாமல் முழு உறுதி பெறச் சிறிது காலம் ஆகும். எனாமல் என்பது பல்லின் மேலுள்ள வெள்ளை ஓடு. இத்தனையும் சேர்ந்து கொள்கிறது. கூடவே, “பால் பல்தானே” என்ற நம் பேச்சும் சேர்ந்துகொள்கிறது.

“அப்ப இந்தப் பல்லைப் பிடுங்கிடணுமா டாக்டர்?” என்று அம்மா கேட்டாள். குரல் நடுங்கியது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“பிடுங்கினா ஒரே நாள்ல வேலை முடியும். ஆனா பல்லு போயிடும். பக்கத்துப் பல்லு சாயும். காப்பாத்தவும் முடியும். சொத்தையைச் சுத்தமா எடுத்து, நரம்பு மேல மருந்து வெச்சு அடைக்கணும். வேர் இன்னும் முழுசா வளரல. அது வளர்றவரைக்கும் நடுநடுவுல வந்து காட்டணும். இப்போதைக்கு மூணு தடவை வரணும்.”

மூன்று தடவை என்றால் மூன்று நாள் சம்பளம். அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நாள் அப்பா விடுப்புப் போடலாம். ஒரு நாள் பாட்டியும் அங்கன்வாடி டீச்சரும் அழைத்துவரலாம். மிச்சம் ஒரு நாள்.

“காப்பாத்துங்க டாக்டர்” என்றாள்.

டாக்டர் அம்மாவையே பார்த்தார். “நீங்க தருமபுரிப் பக்கமா?” என்று கேட்டார்.

அம்மா சட்டென்று முந்தானையால் வாயை மூடினாள். அவள் பற்களில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை இருந்தது. சிறு வயதிலிருந்தே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பல் விளக்காதவள் என்று பேர். கல்யாணப் பேச்சின்போதும் அது பேச்சானது. சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிவிட்டாள்.

“அது உங்க தப்பு இல்லம்மா. நீங்க குடிச்ச தண்ணி அது” என்றார் டாக்டர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடிப் பாறையில் ஃப்ளோரைடு என்ற உப்பு இருக்கிறது. அது போர் தண்ணீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்தால் பல்லில் கறை விழும். பல் உருவாவது எட்டு வயது வரை நடக்கிறது. அதற்குள் விழுகிற கறை பல்லின் உள்ளேயே படிந்துவிடும். தேய்த்தால் போகாது. அளவு மிகவும் கூடினால், பல வருடம் குடித்தால், எலும்பையும் கெடுக்கும்.

இது புதிய சங்கதி அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயைக் கண்டு 1937இல் மருத்துவர்கள் எழுதினார்கள். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013இல் தான் வந்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் பல் விளக்காதவர்கள் என்று திட்டு வாங்கியிருப்பார்கள்!

அம்மாவுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது.

“அந்த உப்புதான் பேஸ்ட்டுலயும் இருக்குதுன்னு சொல்றாங்களே டாக்டர்? அப்ப எம்புள்ளைங்களுக்கும் கறை வந்துடாதா?”

டாக்டர் சிரித்தார். “நல்லாக் கேட்டீங்க. சோத்துக்கு உப்பு வேணும். அதுக்காக உப்பையே அள்ளித் தின்னலாமா? இதுவும் அப்படித்தான்.”

தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு நாள் முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. பேஸ்ட்டில் இருப்பது பல்லின் மேலே படுகிறது. பிறகு துப்பிவிடுகிறோம். படுகிற அந்தக் கொஞ்சமே எனாமலை உறுதியாக்குகிறது. சொத்தை விழாமல் காக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அளவும் துப்புவதும்தான் முக்கியம்.

மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுவதும் நீளமாகப் பசை பிதுக்கிக் காட்டுவார்கள். அது பசை விற்கிறவருக்கு லாபம். பிள்ளைக்குத் தேவை இல்லை. பழ வாசனைப் பசையைப் பிள்ளைகள் மிட்டாய் போலத் தின்றுவிடும். பசைக் குழாய் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். ஊரில் இன்னும் போர் தண்ணீரையே குடிக்கிற பிள்ளைகளுக்கு எந்தப் பசை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

டாக்டர் ஒரு பசைப் பெட்டியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். “எழுத்து படிப்பீங்களா?”

“தமிழ் படிப்பேன். ஊர்ல அறிவொளில எங்கம்மா படிச்சாங்க. அவங்கதான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாங்க. இங்கிலீசு வராது.”

“நம்பர் படிப்பீங்க இல்ல? இதுல 1000ன்னு எங்க இருக்குது, தேடுங்க.”

அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில், சிறிய எழுத்துக்கு நடுவில், 1000 என்று இருந்தது. நம் நாட்டில் பற்பசையில் ஃப்ளோரைடு இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று பெட்டியில் அச்சிட வேண்டும். எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்பதையும் அச்சிட வேண்டும். கடையில் பசை வாங்கும்போது இந்த இரண்டையும் தேடிப் பார்க்கலாம். மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல.

அன்று மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். அன்று இரவு பிள்ளை நன்றாகத் தூங்கியது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார். “என்ன, பூச்சி எடுத்தாங்களா?”

சொத்தைப் பல்லைப் பூச்சிப் பல் என்று சொல்கிறோம். கன்னடத்திலும் புழுப்பிடித்த பல் என்ற பொருளில் ஹுளுக்கு ஹல்லு என்கிறார்கள். நம் பல்தான் அவர்களுக்கு ஹல்லு. நம் பால் அவர்களுக்கு ஹாலு. பால் பல் என்பது ஹாலு ஹல்லு. பழைய ப, கன்னடத்தில் ஹ ஆகிவிட்டது. சொல்லில் இருக்கிற உறவு நம்பிக்கையிலும் இருக்கிறது. ஆனால் பல்லுக்குள் புழு கிடையாது. சந்தையில் மருந்து போட்டுப் புழு எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் புழு அவர்கள் கையில் இருந்து வந்தது.

பல்லைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். எல்லார் வாயிலும் இருக்கின்றன. பல்லின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நாம் சர்க்கரை சாப்பிடும்போது அவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டு அமிலத்தை விடுகின்றன. எலுமிச்சைச் சாறு சிமெண்டுத் தரையில் பட்டால் தரை அரிக்கும். அதுபோல அமிலம் எனாமலை அரிக்கிறது. அரிப்பு சுமார் அரை மணி நேரம் நீடிக்கும். பிறகு உமிழ்நீர் வந்து மெல்லச் சரிசெய்யும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிள்ளை ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்று முடிக்கிறது. அரிப்பு அரை மணி. இன்னொரு பிள்ளை அதே பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை ஒன்று ஒன்றாகத் தின்கிறது. அந்தப் பிள்ளையின் பல்லுக்கு நாள் முழுவதும் அரிப்பு. தின்ற அளவு ஒன்றுதான். கெடுதல் ஒன்றல்ல. மிட்டாயை அடியோடு ஒழிக்க யாராலும் முடியாது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். இடையில் பசித்தால் வேர்க்கடலை, பொரி, வாழைப்பழம், அவித்த கிழங்கு என்று இருக்கவே இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது? அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறார்கள். பாட்டிக்குப் பிள்ளைகள் மேல் உயிர். அழுதால் பிஸ்கட். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சர்க்கரை போட்ட டீயில் பன். தூங்கும்போது சின்னவனுக்கு ஒரு டம்ளர் சர்க்கரைப் பால். பால் குடித்த வாயோடு தூக்கம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். காவல்காரன் தூங்கப் போன நேரம் திருடனுக்கு வசதி.

பிள்ளைகள் காலையில் பல் தேய்த்தார்கள்தான். எப்படி? குழாயடியில் எட்டு வீட்டுக் கூட்டம். வாயில் பிரஷ்ஷை வைத்து நாலு இழுப்பு. முன்பல் மட்டும். துப்பு, ஓடு. இரவில் தேய்க்கிற பழக்கமே இல்லை.

இரண்டு வேளையில் இரவு வேளைதான் பெரியது. இது பல பேருக்குப் புதிதாக இருக்கும். நம் வீடுகளில் பல் விளக்குவது காலைக் கடன். எழுந்தவுடன் வாய் நாற்றம் போக, சாமி கும்பிட, காப்பி குடிக்க என்று வைத்துவிட்டோம். நாற்றம் போனால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் எட்டு மணி நேரம் வாய் மூடிக் கிடக்கப்போவது இரவில்தான்.

அம்மா அன்று இரவே தொடங்கினாள். சாப்பாடு முடிந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். சின்னவனைத் தன் மடியில் தலை வைத்துப் படுக்க வைத்தாள். அப்படிப் படுத்தால் பிள்ளையின் வாய் முழுவதும் தெரியும். டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை இது. பிரஷ் சின்னதாக, மிருதுவாக இருக்க வேண்டும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம். இரண்டு நிமிடம்.

சின்னவன் முதல் நாள் பிரஷ்ஷைக் கடித்தான். இரண்டாம் நாள் அம்மாவின் விரலைக் கடித்தான். மூன்றாம் நாள் அழுது ஊரைக் கூட்டினான்.

“விடும்மா, பாவம். அவனே தேச்சிக்குவான்” என்றார் பாட்டி.

“டாக்டர் சொன்னாங்க அத்தே, ஏழெட்டு வயசு வரைக்கும் நாமதான் தேச்சி விடணுமாம். அவங்க கை இன்னும் பழகலையாம். நீங்களே பாருங்க, ‘அ’ எழுதச் சொன்னா அவன் எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறான்!”

பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அது சரியான அளவுகோல்தான். கோணாமல் எழுதத் தெரிந்த கைதான் கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தைத் தேய்க்கும். அதுவரை பிள்ளை தேய்ப்பது விளையாட்டு. விளையாடட்டும். கடைசியில் பெரியவர் ஒரு சுற்றுத் தேய்த்துவிட வேண்டும்.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். தம்பி அம்மாவுக்குத் தேய்த்துவிட வேண்டும். பிறகு அம்மா தம்பிக்குத் தேய்ப்பாள். அம்மா தன் பிரஷ்ஷை அவன் கையில் கொடுத்தாள். முந்தானையை எடுத்து மூடாமல் வாயைத் திறந்து காட்டினாள். அவன் எண்ணிக்கொண்டே தேய்த்தான். கன்னடத்தில் எண்ணினான். ஒந்து, எரடு, மூரு. அதற்குப் பிறகு அவன் அழவில்லை. சில நாள் முரண்டு பிடித்தான். பத்து நாளில் பழகிவிட்டது.

தேய்த்த பிறகு துப்ப வேண்டும். தண்ணீர் விட்டு நெடுநேரம் கொப்புளிக்க வேண்டியது இல்லை. பசையின் சத்து கொஞ்சம் பல்லில் தங்கட்டும். அதன்பின் பால் இல்லை, பிஸ்கட் இல்லை. தாகம் எடுத்தால் தண்ணீர். சின்னவனின் சர்க்கரைப் பால், சாப்பாட்டுக்கு முன்னால் போய்விட்டது. பிரஷ்ஷின் நார் வளைந்துபோனால் மாற்ற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு. ஒரு பிரஷ்ஷை இருவர் பயன்படுத்தக் கூடாது.

பாட்டியிடம் ஒரு குறை இருந்தது.

“நாங்க என்ன பிரஷ்ஷா வெச்சிருந்தோம்? ஆலும் வேலும் பல்லுக்கு உறுதின்னு குச்சியிலதான் தேச்சோம்.”

பாட்டி சொன்னதில் பொய் இல்லை. ஆலங்குச்சியும் கருவேலங்குச்சியும் மென்று தேய்த்தால் பல்லின் படலம் போகும். வேப்பங்குச்சியும் அப்படித்தான். ஆனால் பாட்டியின் காலத்தில் ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட் கிடையாது. திருவிழாவுக்குத் திருவிழாதான் மிட்டாய். இன்னொன்று, வாயின் கடைசியில் தாழ்வாக இருக்கிற ஆறாவது பல்லுக்குக் குச்சி எட்டாது. பல்பொடி போட்ட விரலும் எட்டாது. பல்பொடிக்கும் இந்தப் பக்கத்தில் நல்ல பேர் உண்டு. நஞ்சன்கூட்டில் 1913இல் பி.வி. பண்டிட் தொடங்கிய வைத்தியசாலையின் பல்பொடி, மைசூர்ச் சீமை முழுவதும் பழக்கமான பொடி. பொடி பிடித்தவர்கள் அதையும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்கலாம். பிள்ளைகளுக்கு ஃப்ளோரைடு பசையே மேல். கரி, செங்கல் பொடி, மணல், சாம்பல் ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

புகையிலை கலந்த பொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பொடிகள் ஒரு காலத்தில் கடையில் தாராளமாகக் கிடைத்தன. தேய்த்தால் ஈறு மரத்துப்போகும். வலி தெரியாது. நல்ல மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள். மெல்ல மெல்லப் பழக்கமாகிவிடும். புகையிலை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். 1992இல் மத்திய அரசு பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதைத் தடை செய்தது. தயாரிப்பாளர் தரப்பு நீதிமன்றம் போனது. தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் வீட்டில் வறுத்துப் பொடித்துத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பல்வலிக்குப் புகையிலையை வைத்து அடக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாட்டியின் சுருக்குப் பையிலும் ஒரு துண்டு எப்போதும் இருந்தது. ஒரு நாள் சின்னவன் அதை எடுத்துப் பல்லில் தேய்த்துப் பார்த்தான். தலை சுற்றி வாந்தி எடுத்தான். பாட்டி பதறிப் போனார். அன்று பையைத் தூக்கிப் பரண் மேல் வைத்தார். பழக்கம் அன்றே விட்டுவிடவில்லை. பிள்ளைகள் எதிரில் போடுவதை நிறுத்தினார். அதுவே அவருக்குப் பெரிய பாடாக இருந்தது.

மகளின் பல்லுக்கு மூன்று முறை போய்ச் சிகிச்சை முடிந்தது. இரண்டாவது முறை பாட்டியும் போனார். டாக்டரிடம் சண்டைக்குப் போவது போலக் கேட்டார்.

“பால் பல்லு கெட்டா என்னம்மா? அது விழப்போறது தானே?”

“பாட்டி, ஒரு வீட்டுல வாடகைக்கு இருக்கீங்க. வீட்டுக்காரர் வர்றவரைக்கும் வீட்டைப் பத்திரமா வெச்சிருக்கிறது யாரு? பால் கடைவாய்ப் பல்லு பத்துப் பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்குது. அத்தனை வருசம் புள்ள எதுல மெல்லும்? அது முன்னாடியே போயிட்டா, பக்கத்துப் பல்லு அந்த இடத்துல சாஞ்சிக்கும். அடியில இருக்கிற புதுப்பல்லு வர வழியில்லாமக் கோணிக்கும். சீழ் பிடிச்சா அடியில வளர்ற பல்லையும் கெடுக்கும்.”

பாட்டி ஒன்றும் பேசவில்லை. லைன் வீட்டில் இருக்கிறவருக்கு வாடகைக் கதை நன்றாகப் புரிந்தது.

மகளுக்கு மற்ற மூன்று ஆறாவது பற்களும் நன்றாக இருந்தன. அவற்றின் மேல்பள்ளத்தில் ஒரு பசையை ஊற்றி டாக்டர் மூடிவிட்டார். துளை போடுவதில்லை, வலியும் இல்லை. பள்ளம் மூடியிருந்தால் உணவு அடையாது. பல் முழுதாக வெளியே வந்ததும் இதைச் செய்துகொள்ளலாம். பல்லில் மாவு போல வெள்ளைத் தடம் தெரிந்தாலே டாக்டரிடம் போகலாம். அது சொத்தையின் தொடக்கம். அப்போது சரிசெய்வது சுலபம். வலி வந்தபின் போனால் செலவும் கூடும், நாளும் கூடும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

உலகத்தில் 51 கோடிப் பிள்ளைகளுக்கு மேல் பால் பல்லில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குச் சொன்னது. ஹெப்பகோடியில் அந்த லைன் வீட்டில் மட்டும் எத்தனை என்று அங்கன்வாடி டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார். எட்டு அறைகளில் 11 பிள்ளைகள். டார்ச் விளக்கு அடித்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு எண்ணிச் சொன்னது அம்மா. ஆறு வாய்களில் கறுப்புத் தெரிந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் அடுத்த வாரமே மார்க்கெட் பேருந்து ஏறினார்கள். மற்றவர்கள் சம்பளம் வரட்டும் என்றார்கள்.

சில மாதம் போனது. ஓர் இரவு சின்னவன் வழக்கம்போல அம்மாவின் மடியில் படுத்திருந்தான். அம்மா கீழ் வரிசையில் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குப் பின்னால் ஈறு கொஞ்சம் தடித்து இருந்தது. விரலால் தொட்டாள். கூராக ஏதோ தட்டுப்பட்டது.

“அத்தே, டார்ச்சைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.”

பாட்டி ஓடி வந்து விளக்கு அடித்தார். ஈற்றுக்குள்ளிருந்து அரிசி முனை அளவு வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

“அதுவா?” என்றார் பாட்டி.

“அதேதான்.”

பல் தாழ்வாக இருந்ததால் அம்மா பிரஷ்ஷை நேராக வைக்கவில்லை. கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்தாள். அந்த ஒரு பல்லின் மேல் மட்டும் வைத்து மெல்ல இழுத்தாள். பாட்டி டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.